லோடோடு மேடு ஏறினால் கொதிக்கும் லாரி: ரேடியேட்டர் கோர் மாற்றும் முன் செய்ய வேண்டிய சோதனைகள்

கேள்வி: சங்ககிரிப் பக்கம் சொந்தமாக ஒரு 1613 லாரி வைத்து ஓட்டுகிறேன், 2001 மாடல். காலியாகப் போனால் ஒன்றுமில்லை. லோடு ஏற்றிக்கொண்டு சேலம், ஓமலூர் தாண்டித் தொப்பூர் மேடு ஏறும்போது ஹீட் மீட்டர் முள் சிவப்பைத் தொடுகிறது. ஒவ்வொரு நடைக்கும் 4, 5 லிட்டர் தண்ணீர் ஊற்ற வேண்டியிருக்கிறது. ஊற்றுவது எங்கள் போர் தண்ணீர்தான். போன வருடம் ஒரு சின்ன ஒழுக்குக்கு மஞ்சள் தூள் போட்டேன், ஒழுக்கு நின்றது. இப்போது ஒரு மெக்கானிக் ஹெட் கேஸ்கெட் (இன்ஜின் பிளாக்குக்கும் ஹெட்டுக்கும் இடையிலுள்ள அடைப்புத் தகடு) போய்விட்டது என்கிறார். இன்னொருவர் கோர் (ரேடியேட்டரின் நடுவில் ட்யூப்களும், அவற்றை ஒட்டிய ஃபின் என்ற மெல்லிய தகடுகளும் உள்ள பகுதி) மாற்றச் சொல்கிறார். மூன்றாமவர் தெர்மோஸ்டாட்டை (சூட்டுக்கு ஏற்பத் தண்ணீர் வழியைத் திறந்து மூடும் வால்வு) கழற்றிவிட்டார். அப்படியும் கொதிப்பு நிற்கவில்லை. ரேடியேட்டர் அடைப்புதானா என்பதைக் காசு செலவழிக்கும் முன் எப்படி உறுதி செய்வது?

பதில்: வணக்கம். நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் ரேடியேட்டர் மேல்தான் முதல் சந்தேகம் விழுகிறது. காலி வண்டியில் இன்ஜின் தள்ளும் சூடு குறைவு. பாதி ட்யூப்கள் அடைத்திருந்தாலும் மீதிப் பாதி அதைச் சமாளித்துவிடும். லோடோடு மேடு ஏறும்போது இன்ஜின் முழு டீசல் எரிக்கிறது, வண்டியோ இரண்டாம் கியரிலும் மூன்றாம் கியரிலும் ஊர்கிறது, எதிர்க்காற்று இல்லை. ரேடியேட்டரின் முழுத் திறனும் அங்கேதான் தேவைப்படும். திறன் குறைந்திருந்தால் அங்கேதான் காட்டிக்கொடுக்கும்.

ஆனால் இதே அறிகுறியைத் தளர்ந்த ஃபேன் பெல்ட்டும் காட்டும், தேய்ந்த வாட்டர் பம்ப்பும் காட்டும், லோடில் மட்டும் கசியும் ஹெட் கேஸ்கெட்டும் காட்டும். அதனால் கோருக்கு இன்னும் முன்பணம் கொடுக்காதீர்கள். ஒரு நாள் வண்டியை நிறுத்தி, கீழே சொல்லும் வரிசையில் பாருங்கள். தேவைப்படுவது ஒரு லேசர் தெர்மாமீட்டர் (துப்பாக்கி மாதிரி நீட்டிப் பார்ப்பது, மின்சாமான் கடைகளில் கிடைக்கும்), ஒரு சாதாரணத் தெர்மாமீட்டர், ஒரு வாளி, கறுப்பு இன்சுலேஷன் டேப், ஒரு பழைய செய்தித்தாள். வரிசையை மாற்ற வேண்டாம். முதலில் வருபவை காசில்லாமல் தீர்பவை. அவை சரியாக இல்லாமல் பின்னால் வரும் சோதனைகளை நம்பவும் முடியாது.

முதல் வேலை, கழற்றிய தெர்மோஸ்டாட்டைத் திரும்பப் போடுவது. அதை எடுத்துவிட்டால் தண்ணீர் தாராளமாக ஓடும், சூடு குறையும் என்று நம் பக்கம் பலரும் நம்புகிறார்கள். பெரும்பாலான டீசல் இன்ஜின்களில் நடப்பது இதற்கு நேர்மாறு. இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது தண்ணீர் ரேடியேட்டருக்குப் போகாமல் பைபாஸ் வழியாகப் பம்புக்கே திரும்பும். தெர்மோஸ்டாட் சூடேறித் திறக்கும்போது ரேடியேட்டர் வழியைத் திறப்பதோடு, தன் அடித்தட்டால் அந்தப் பைபாஸை மூடவும் செய்கிறது. தெர்மோஸ்டாட் இல்லையென்றால் பைபாஸ் எப்போதும் திறந்தே கிடக்கும். தண்ணீர் எளிதான வழியைத்தான் பிடிக்கும். சூடான தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டர் பக்கமே போகாமல் இன்ஜினுக்குள்ளேயே சுற்றும். ரேடியேட்டர் அடைத்திருந்தால் அந்தப் பங்கு இன்னும் கூடும். ஆக, உங்கள் வண்டியில் ஏற்கெனவே இருந்த கோளாறோடு இப்போது இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. காலியாக ஓடும்போது இன்ஜின் சரியான சூட்டுக்கு வராமல் டீசல் கூடுதலாகப் பிடிப்பதும், லைனரும் ரிங்கும் சீக்கிரம் தேய்வதும் தனி நட்டம்.

போடும் முன் அதைச் சோதித்துவிடுங்கள். தெர்மோஸ்டாட்டின் விளிம்பிலோ அடியிலோ அது திறக்கும் வெப்பநிலை எண்ணாகப் பொறித்திருக்கும்: 71, 76, 82 என்று ஏதாவது ஒன்று. ஒரு பாத்திரத் தண்ணீரில் அடியைத் தொடாமல் நூலில் கட்டித் தொங்கவிட்டு, தெர்மாமீட்டரையும் கூடவே விட்டு அடுப்பில் வையுங்கள். பொறித்த எண்ணுக்கு 2, 3 டிகிரி முன்பின்னாக வாய் விலகத் தொடங்க வேண்டும். அதிலிருந்து 12, 13 டிகிரி ஏறுவதற்குள் முழுதாகத் திறந்து, தட்டு சுமார் 8 மில்லிமீட்டராவது எழும்பியிருக்க வேண்டும். பாதியில் நின்றால் தூக்கிப் போட்டுவிட்டு, அதே எண் உள்ள புதியதை வாங்குங்கள். மாட்டும்போது அதிலுள்ள சின்ன ஆடும் ஊசி மேல்பக்கமாக இருக்கட்டும். தண்ணீர் ஊற்றும்போது காற்று வெளியேறும் வழி அது.

அடுத்தது ரேடியேட்டர் மூடி. மூடியின் தலையில் அழுத்தத்தின் அளவு எழுதியிருக்கும். பழைய லாரிகளில் 7 பி.எஸ்.ஐ., அதாவது 0.5 பார், பரவலாக உண்டு. அந்த அழுத்தம் நின்றால் வெறும் தண்ணீரே 111 டிகிரிக்குப் பக்கத்தில்தான் கொதிக்கும். மூடியின் ரப்பர் காய்ந்து வெடித்திருந்தால் 100 டிகிரியிலேயே கொதித்து, வழிகுழாய் வழியாக வெளியே போய்விடும். நடைக்கு 5 லிட்டர் குறைவதில் ஒரு பங்கு இப்படிப் போவதாகவும் இருக்கலாம். ரப்பரை விரல் நகத்தால் அழுத்துங்கள். குழிந்து உடனே மீள வேண்டும். ஸ்பிரிங் துருவேறியிருந்தாலும், நடுவிலுள்ள சின்ன வால்வை இழுத்துவிட்டால் தானாகத் திரும்பாவிட்டாலும் மூடியை மாற்றுங்கள். எழுதியிருக்கும் அளவையே வாங்குங்கள். அதிக அழுத்த மூடி போட்டால் கொதிப்பு நிற்பது போலத் தெரியும். ஆனால் இருபது வருடத்துக்கு மேலான ஈயப்பற்று அந்த அழுத்தத்தைத் தாங்காது.

மூடியைத் திறப்பதைப் பற்றி அவசியம் ஒரு வார்த்தை. மேல் ஓஸைக் கையால் பிடித்து அமுக்க முடிகிற அளவுக்கு ஆறும்வரை மூடியில் கை வைக்கக் கூடாது. பிறகும் ஈரச்சாக்கைப் போட்டு முதல் பள்ளம் வரை மட்டும் திருப்பி, ஆவி போன பிறகே முழுதாகத் திறக்க வேண்டும். கொதித்து நிற்கும் இன்ஜினில் பச்சைத் தண்ணீரைக் கொட்டினால் ஹெட் வெடிக்கும். மூடியைப் பத்திரமாகத் திறந்த பிறகும் இன்ஜின் சூடாக இருக்க, ஊற்றியே ஆக வேண்டுமென்றால் இன்ஜின் ஐட்லிங்கில் ஓட, சொம்பு சொம்பாக ஊற்றுங்கள்.

இனி காற்றுப் பக்கம். அடைப்பு என்றதும் எல்லோரும் ட்யூபுக்குள் தண்ணீரின் உப்புப் படிவு என்றே நினைக்கிறார்கள். பல வண்டிகளில் அடைப்பு வெளியே இருக்கிறது. தவிட்டுத் தூசி, தென்னை நார்த் தூள், பஞ்சு, பூச்சி எல்லாம் கோரில் அப்பும். இன்ஜின் முன்சீலில் கொஞ்சம் ஆயில் கசிந்தால் ஃபேன் அதை வாரி அடித்து, அந்தத் தூசியை அடைபோலக் கெட்டியாக்கிவிடும். இருட்டிய பிறகு கோரின் ஒரு பக்கம் செல்போன் விளக்கைப் பிடித்து மறுபக்கம் பாருங்கள். ஃபின்களுக்கு இடையே வெளிச்சம் சல்லடைபோல எங்கும் தெரிய வேண்டும். கறுப்பாகத் தெரியும் இடமெல்லாம் காற்றுப் போகாத இடம். கழுவும்போது ஃபேன் பக்கத்திலிருந்து முன்பக்கமாக, காற்று வரும் திசைக்கு எதிராகத் தண்ணீர் அடிக்க வேண்டும். ஆயில் இருந்தால் சோப்புத்தூள் கரைசலைத் தெளித்துப் பத்து நிமிடம் ஊறவிட்டுக் கழுவுங்கள். வாட்டர் சர்வீஸ் துப்பாக்கியைக் கிட்டே வைத்தோ சாய்த்தோ அடித்தால் ஃபின்கள் மடங்கிப் படுத்துவிடும், அதுவும் அடைப்புதான்.

அதோடு ஃபேனையும் பாருங்கள். பெல்ட்டின் நீளமான ஓட்டத்தின் நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் 10 முதல் 15 மில்லிமீட்டர் வரை இறங்கலாம். அதற்கு மேல் இறங்கினாலோ பெல்ட்டின் பக்கங்கள் கண்ணாடிபோல மினுங்கினாலோ லோடில் வழுக்கும். அப்போது ஃபேன், பம்ப் இரண்டுமே ஒன்றாகச் சோரும். ஃபேனைச் சுற்றி உள்ள தகரக் கூண்டு உடைந்திருந்தால் ஃபேன் முன்பக்கக் காற்றை இழுக்காமல், இன்ஜின் பக்கத்துச் சூட்டுக் காற்றையே சுழற்றிக்கொண்டிருக்கும். பம்ப் வேலை பார்த்துத் திரும்பிய வண்டிகளில் ஃபேனை முன்பின் மாற்றி மாட்டியிருப்பதும் உண்டு. திசை மாறாது, ஆனால் காற்றின் அளவு நன்றாகக் குறைந்துவிடும். இன்ஜினைச் சற்று வேகமான ஐட்லிங்கில் விட்டு, கிரில்லுக்கு முன்னால் செய்தித்தாளின் ஒரு முழுத் தாளைப் பிடியுங்கள். கோர் அதை இழுத்து ஒட்டவைத்துக்கொள்ள வேண்டும். ஒரு பக்கம் ஒட்டி மறுபக்கம் படபடத்தால் அந்தப் பக்கம் காற்று போகவில்லை.

ஹெட் கேஸ்கெட் என்று சொன்ன மெக்கானிக்கின் சந்தேகத்தையும் இப்போதே தீர்த்துவிடலாம். காலையில் இன்ஜின் முழுக்கக் குளிர்ந்திருக்கும்போது செய்யுங்கள். ஃபேன் பெல்ட்டைக் கழற்றிவிடுங்கள். பம்ப் சுழன்றால் அது கிளப்பும் குமிழி நம்மை ஏமாற்றும். ரேடியேட்டரைக் கழுத்து வரை நிரப்பி, மூடியில்லாமல் இன்ஜினை ஸ்டார்ட் செய்து, இரண்டு மூன்று முறை ஆக்ஸிலேட்டரை அழுத்தி விடுங்கள். ஒரு நிமிடத்துக்கு மேல் ஓட்ட வேண்டாம். தண்ணீர் மட்டம் அமைதியாக இருந்தால் நல்லது. ஆக்ஸிலேட்டர் கொடுக்கும்போதெல்லாம் குமிழி விடாமல் வந்தாலோ, தண்ணீர் பொங்கி வழிந்தாலோ, எரிந்த டீசல் புகை வாடை அடித்தாலோ, கேஸ்கெட்டோ வெடித்த ஹெட்டோ காரணம்; ரேடியேட்டரில் கை வைக்கும் முன் அதைக் கவனிக்க வேண்டும். டிப்ஸ்டிக்கில் பால்கலந்த காபி நிறமோ, மேல் டேங்கில் வழவழப்பான ஆயில் படலமோ இருக்கிறதா என்றும் பாருங்கள். தண்ணீரில் ஆயில் இருந்து, குமிழி இல்லையென்றால் ஆயில் கூலரைச் சந்தேகியுங்கள்.

இதுவரை எல்லாம் சரி என்றால், இனி ரேடியேட்டரையே கேட்போம்.

பெல்ட்டைத் திரும்ப மாட்டுங்கள். இன்ஜின் குளிர்ந்திருக்கும்போதே மேல் டேங்கின் பக்கவாட்டில் ஒரு துண்டு, கீழ் டேங்கில் ஒரு துண்டு கறுப்பு டேப் ஒட்டிவிடுங்கள். லேசர் தெர்மாமீட்டர் பளபளக்கும் பித்தளையை நேராகப் பார்த்தால் உண்மையான சூட்டைவிட வெகுவாகக் குறைத்துக் காட்டும். 90 டிகிரி டேங்கை 50 என்று சொல்லி உங்களைத் தவறான முடிவுக்குத் தள்ளிவிடும். கறுப்பு டேப்பின் மேல் பார்த்தால் சரியாகச் சொல்லும். கருவியின் லேசர் புள்ளி சின்னதாக இருந்தாலும் அது அளப்பது அந்தப் புள்ளியை மட்டும் அல்ல. கருவியில் 12:1 என்று எழுதியிருந்தால் 30 சென்டிமீட்டர் தூரத்தில் இரண்டரை சென்டிமீட்டர் வட்டத்தின் சராசரியைத்தான் காட்டுகிறது. அதனால் கிட்டேயே பிடியுங்கள்.

லோடோடு ஒரு மேடு ஏறிய கையோடு அளப்பதுதான் நல்லது. தொப்பூர்க் கணவாயின் ஓரத்தில் நிறுத்திச் செய்ய வேண்டாம், அது உயிரோடு விளையாடுவது; மேடு முடிந்து லாரிகள் நிற்க இடமுள்ள பகுதியில் ஒதுங்கி, கல் போட்டு நிறுத்துங்கள். இன்ஜினை 1200 ஆர்.பி.எம். அளவில் ஓடவிட்டு மேல் டேங்க், கீழ் டேங்க் இரண்டின் டேப்பையும் பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். டேப்பைப் பார்க்கக் கை ஃபேன் பக்கம் போகக் கூடாது. பிறகு இன்ஜினை நிறுத்தி, ஒரு நிமிடத்துக்குள் கோரின் முன்முகத்தை மேலே, நடுவே, கீழே என மூன்று வரிசையாகவும், இடமிருந்து வலமாக நான்கு பத்தியாகவும், மொத்தம் பன்னிரண்டு இடங்களில் அளந்துவிடுங்கள். உதவிக்கு ஒருவர் எண்களைக் கட்டம் போட்டு எழுதட்டும்.

அந்தக் கட்டம்தான் உங்களுக்கு உண்மையைச் சொல்லும். நல்ல கோரில் மேல் வரிசை முழுதும் ஏறக்குறைய ஒரே சூடு, நடு வரிசை சற்றுக் குறைவு, கீழ் வரிசை இன்னும் கொஞ்சம் குறைவு என்று படிப்படியாக இறங்கும். ஒரே வரிசையில் பக்கத்துப் பக்கத்துப் பத்திகளுக்குள் பெரிய வித்தியாசம் இருக்காது. அடைத்த கோரில், உதாரணமாக, இடது இரண்டு பத்திகள் 88, 84, 80 என்று இறங்க, வலதுகோடிப் பத்தி 70, 56, 48 என்று விழும். வெளிக்காற்று 36 டிகிரி இருக்கும் நாளில் 48 என்றால், அந்த ட்யூப்களுக்குள் சுடுதண்ணீர் ஓடவே இல்லை என்று பொருள். அடைப்பு பெரும்பாலும் தண்ணீர் வேகம் குறைந்த ஓரங்களில்தான் தொடங்கும், அதனால் கோடிப் பத்திகளைக் குறிப்பாகக் கவனியுங்கள். கீழ் வரிசை மட்டும் எங்கும் குளிர்ந்திருந்தால் கீழ் டேங்கில் சேறு கட்டியிருக்கலாம்.

மேல் டேங்குக்கும் கீழ் டேங்குக்கும் உள்ள வித்தியாசம் இன்னொரு கதை சொல்கிறது, இதைப் பல பட்டறைகளில் கவனிப்பதில்லை. வண்டி உழைத்துக்கொண்டிருக்கும்போது நல்ல ரேடியேட்டரில் இது 6 முதல் 10 டிகிரி வரை இருக்கும். நின்று ஐட்லிங்கில் ஓடினால் இன்னும் குறையும். முள் சிவப்பில் இருக்க, வித்தியாசம் 20 டிகிரியைத் தாண்டினால் தண்ணீர் மெல்ல ஊர்கிறது என்று பொருள்: உள்ளடைப்பு அல்லது பம்ப். முள் சிவப்பில் இருக்க, வித்தியாசம் வெறும் 3, 4 டிகிரிதான் என்றால் தண்ணீர் நன்றாக ஓடுகிறது, சூடுதான் காற்றுக்குப் போகவில்லை: வெளியடைப்பு, ஃபேன், அல்லது ட்யூபை விட்டுக் கழன்ற ஃபின்கள்.

வித்தியாசம் அதிகம் என்றால், பம்ப்பா அடைப்பா? கீழ் ஓஸ் சொல்லிவிடும். இன்ஜின் சூடேறி, மேல் ஓஸும் சுட்டு, தெர்மோஸ்டாட் திறந்துவிட்டது என்று தெரிந்த பிறகு, ஒருவர் ஆக்ஸிலேட்டரை உயர்த்திப் பிடிக்கட்டும். நீங்கள் விலகி நின்று ரேடியேட்டரிலிருந்து பம்புக்குப் போகும் கீழ் ஓஸைப் பாருங்கள். ரேடியேட்டர் அடைத்து, பம்ப் நன்றாக இருந்தால், பம்ப் கேட்கும் தண்ணீர் கிடைக்காமல் ஓஸ் உறிஞ்சிய பை மாதிரி உள்ளே ஒட்டும். ஆக்ஸிலேட்டரை விட்டதும் மீண்டும் உப்பும். பம்ப்பே தேய்ந்திருந்தால் ஓஸ் அசையாது. ஓஸுக்குள் கம்பிச்சுருள் இருந்தால் அது ஒட்டாமல் தடுத்துவிடும், அதனால் ஒட்டவில்லை என்பதை மட்டும் வைத்து ரேடியேட்டருக்கு நற்சான்று கொடுத்துவிட வேண்டாம். ஓடும்போது ஒட்டாமல், நிறுத்தி ஆறிய பிறகு ஒட்டினால் அது மூடியின் நடு வால்வு திறக்காததன் விளைவு, அடைப்பல்ல.

எல்லா ட்யூபிலும் சமமாக உப்புப் படிந்திருந்தால் வெப்பக் கட்டம் சீராகவே தெரியும், குளிர்ந்த பகுதி இருக்காது. அப்போது ரேடியேட்டரைக் கழற்றித்தான் பார்க்க வேண்டும். கழற்றிய ரேடியேட்டரை நேராக நிறுத்தி, கீழ் வாயை ரப்பர் கட்டையால் அடைத்து, நிரப்பி, சட்டென்று கட்டையை உருவுங்கள். கீழ் வாய் நிறையத் தண்ணீர் கொட்டி, மேலே மட்டம் தடதடவென இறங்க வேண்டும். முதலில் கீழ் டேங்கிலிருந்து ஒரு வீச்சு கொட்டிவிட்டுப் பிறகு சுண்டுவிரல் கனத்தில் ஒழுகினால், மேல் டேங்கின் தண்ணீர் கோர் வழியாக இறங்கத் திணறுகிறது. அதே மாடலில் நல்ல ரேடியேட்டர் ஒன்று கடையில் இருந்தால் இரண்டையும் அடுத்தடுத்துச் செய்துபார்க்கச் சொல்லுங்கள். எத்தனை லிட்டர் பிடிக்கிறது என்று அளந்து அடைப்பைச் சொல்பவர்களும் உண்டு. அதை நான் அதிகம் நம்பச் சொல்ல மாட்டேன். தண்ணீரில் பெரும்பங்கு இரண்டு டேங்குகளில்தான் நிற்கிறது, ட்யூப்கள் கால்வாசி அடைத்தாலும் கணக்கில் பெரிதாகத் தெரியாது.

அடைப்பு உறுதியானால் என்ன செய்வது என்பது எவ்வளவு அடைத்திருக்கிறது என்பதைப் பொறுத்தது. உங்கள் வண்டியில் இருப்பது பித்தளை டேங்க், செம்பு ஃபின் கொண்ட பழைய பாணி ரேடியேட்டர் என்றே வைத்துக்கொள்கிறேன். ஓரத்தில் சில ட்யூப்கள் மட்டும் என்றால் கழற்றி, தலைகீழாகத் தண்ணீர் செலுத்திப் பார்க்கலாம்: கீழ் வாய் வழியாகத் தண்ணீரை விட்டு, இடையிடையே காற்றும் கொடுத்து, மேல் வாய் வழியாக வெளியேற்றுவது. காற்றழுத்தம் 1 பாருக்கு மேல் போகக் கூடாது. டயருக்குக் காற்றடிக்கும் அழுத்தத்தை அப்படியே திறந்துவிட்டால் டேங்கின் பற்றுகள் விரிந்துவிடும்.

உப்பைக் கரைக்க சிட்ரிக் அமிலம், அதாவது எலுமிச்சை உப்பு, போதும். 20 லிட்டர் தண்ணீருக்கு 1 கிலோ. தண்ணீரில் ஆயில் கலந்திருந்தால் அதற்கு முன் 20 லிட்டருக்கு அரைக் கிலோ சலவை சோடாவில் சூடாக 20 நிமிடம் ஓட்டி, நன்றாக அலசிவிட வேண்டும். ஆயில் படலம் மேலே இருந்தால் அமிலம் உப்பைத் தொடாது. சிட்ரிக் கரைசலை 70, 80 டிகிரி சூட்டில் அரை மணி நேரம் ரேடியேட்டருக்குள் நிறுத்தி வெளியேற்றுங்கள். உப்பு கரையும்போது வாயு கிளம்பும், மூடியை இறுக்க வேண்டாம். பிறகு இரண்டு முறை தண்ணீரில் அலசி, 20 லிட்டருக்குக் கால் கிலோ சமையல் சோடா கரைத்துப் பத்து நிமிடம் வைத்து, தெளிந்த தண்ணீர் வரும்வரை அலசுங்கள். ராத்திரி முழுதும் ஊறட்டும் என்று விட்டுவிடாதீர்கள்; ஈயப்பற்றைத் தின்னும். கழிவறை கழுவும் ஆசிட் ஊற்றுவது அதைவிட மோசம், பித்தளையிலுள்ள துத்தநாகத்தையே அரித்துவிடும். உப்பு போகும், கூடவே ட்யூபும் போகும்.

ஆனால் உங்கள் விஷயத்தில் மஞ்சள் தூள் இருக்கிறது. அது ஒழுக்கை எப்படி நிறுத்துகிறதோ அப்படியேதான் ட்யூபையும் நிறுத்துகிறது. ஓட்டையில் போய் உப்பி அடைக்கும் அதே தூள், உள்ளே சில மில்லிமீட்டர் இடைவெளியே உள்ள தட்டை ட்யூபின் வாயிலும் உட்கார்ந்து, அங்கே வரும் துருவையும் உப்பையும் பிடித்துவைத்துக்கொள்ளும். எலுமிச்சை உப்பு, கல்லாகப் படிந்த தண்ணீர் உப்பைத்தான் கரைக்கும். மஞ்சள் கட்டியைக் கரைக்காது. அதனால் கால்வாசிக்கு மேல் குளிர்ந்த பத்திகள் தெரிந்தால் கெமிக்கலில் நேரம் போக்காமல் ரேடியேட்டர் கடையில் மேல் டேங்கைச் சூடு காட்டிப் பிரிக்கச் சொல்லுங்கள். பிரித்ததும் நீங்கள் நேரில் போய்ப் பாருங்கள். ட்யூப்களின் வாய் வரிசை வரிசையாகத் தெரியும். வெள்ளையோ செம்பழுப்போ பூத்து மூடிய வாய்களை எண்ணிவிடலாம். அவற்றில் தட்டையான எஃகுப் பட்டையை மேலிருந்து கீழ்வரை செலுத்திச் சுத்தம் செய்து, மீண்டும் பற்றவைத்து, தண்ணீர்த் தொட்டியில் மூழ்கடித்துக் காற்று கொடுத்துச் சோதித்துத் தருவார்கள். ஒழுகும் ட்யூப்களை இரண்டு முனையிலும் அடைத்துவிடுவதும் வழக்கம். ஒன்றிரண்டு என்றால் பரவாயில்லை. ஒவ்வொரு முறையும் நாலைந்து என்று அடைத்தால் கோர் சின்னதாகிக்கொண்டே போகும். எத்தனை அடைத்தார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

கோர் மாற்றியே தீர வேண்டிய நிலை ஒன்று உண்டு. ஃபின்னை விரலால் லேசாகத் தேய்த்தால் பச்சையோ வெள்ளையோ பொடியாக உதிர்வது, அல்லது ஃபின் ட்யூபை விட்டுக் கழன்று ஆடுவது. அந்தக் கோரின் உள்ளே எவ்வளவு சுத்தம் செய்தாலும் சூடு காற்றுக்குப் போகாது. புதுக் கோர் போடும்போது பழையதில் எத்தனை வரிசை ட்யூபோ அத்தனை வரிசை இருக்க வேண்டும். விலை குறைவு என்று நான்கு வரிசைக்கு மூன்று வரிசை வாங்கினால் மறுபடி தொப்பூரில் நிற்பீர்கள்.

ரேடியேட்டர் வெளியே இருக்கும்போதே இன்ஜின் பிளாக்கையும் அலசிவிடுங்கள். பிளாக்கின் பக்கவாட்டு வடிகால் திருகைத் திறந்தால் தண்ணீர் வராமலே இருக்கலாம், சேறு அடைத்திருக்கும். கம்பியால் குத்தித் திறந்து, தெர்மோஸ்டாட் வாய் வழியாகத் தண்ணீரைச் செலுத்தித் தெளியும்வரை விடுங்கள். பின் சிலிண்டர்களைச் சுற்றித்தான் அதிகம் தங்கும். இதைச் செய்யாமல் சுத்தமான ரேடியேட்டரை மாட்டினால், பிளாக்கிலிருந்து பெயரும் துருச் செதில்கள் முதல் வாரத்திலேயே ட்யூப் வாய்களில் வந்து உட்காரும்.

போர் தண்ணீரைப் பற்றி ஒரு சின்னக் கணக்கு. குடிநீருக்கான இந்தியத் தரநிலை மொத்தக் கடினத்தன்மையை லிட்டருக்கு 200 மில்லிகிராம் என்று வைத்திருக்கிறது. வேறு தண்ணீரே இல்லாத இடத்தில் 600 வரை. உங்கள் போரில் 600 இருப்பதாக வைத்துக்கொள்வோம். நடைக்கு 5 லிட்டர் என்றால் 3 கிராம் உப்பு. மாதம் 8 நடை என்றால் 24 கிராம், வருடத்துக்கு 288 கிராம். தண்ணீர் ஆவியாகப் போகிறது, உப்பு உள்ளேயே நிற்கிறது. இந்த உப்புக்குச் செம்பைவிட நூறு மடங்குக்கு மேல் குறைவாகவே சூட்டைக் கடத்தும் தன்மை, ஆகவே அது ட்யூபை முழுதாக அடைக்கும் முன்பே, வெறும் படலமாக இருக்கும்போதே, வேலையைக் கெடுக்கத் தொடங்கிவிடும். இனி டி.எம். வாட்டர் (தாது உப்புகள் நீக்கிய தண்ணீர்) அல்லது பேட்டரிக்கு ஊற்றும் தண்ணீர் மட்டும். அதனோடு கூலன்ட் மூன்றில் ஒரு பங்காவது இருக்கட்டும். பாதிப் பாதி வரை போகலாம். நம் ஊரில் உறைபனி இல்லையே, கூலன்ட் எதற்கு என்று நினைக்க வேண்டாம். துருவையும் அரிப்பையும் தடுக்கும் மருந்து அதில்தான் இருக்கிறது. அதற்காகக் கூலன்டைத் தண்ணீர் கலக்காமல் ஊற்றினால் குளிர்ச்சி குறையும், சூட்டைச் சுமப்பதில் தண்ணீர்தான் அதைவிட மேல். கூலன்ட் இனிக்கும், விஷம். வடித்ததை நாயும் மாடும் நக்குகிற இடத்தில் கொட்டாதீர்கள்.

நிரப்பும்போது மெல்ல ஊற்றி, மூடியில்லாமல் இன்ஜினை ஐட்லிங்கில் விட்டு, தெர்மோஸ்டாட் திறந்து மேல் ஓஸ் சுடும்வரை காத்திருங்கள். காற்று வெளியேறி மட்டம் இறங்கும், மறுபடி நிரப்பி மூடுங்கள். அடுத்த லோடில் அதே மேடு, அதே இடம், அதே பன்னிரண்டு கட்டம். பழைய தாளையும் புதிய தாளையும் பக்கத்தில் வைத்தால் செய்த வேலை பலித்ததா என்று தெரிந்துவிடும். அதன்பின் ஒரு வாரம், தினமும் காலையில் இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது மட்டத்தைப் பாருங்கள். கலந்த தண்ணீர் 10 லிட்டர் கேனில் வண்டியிலேயே இருக்கட்டும். முள் நடுவிலேயே நின்று, வெளியே எங்கும் ஒழுக்கு இல்லாமல், மட்டம் மட்டும் தினமும் குறைந்துகொண்டே வந்தால் மறுபடி குமிழிச் சோதனையைச் செய்யுங்கள். இந்த முறை வண்டி லோடு இறக்கி, இன்ஜின் சூடாக இருக்கும்போதே ஒரு பாட்டில் தண்ணீரில் வழிகுழாயின் முனையை மூழ்கவைத்து, மூடியைத் திறக்காமல் பாருங்கள். ஆக்ஸிலேட்டருக்குத் தாளம் போட்டபடி விடாமல் குமிழி வந்தால், கேஸ்கெட் என்று சொன்ன முதல் மெக்கானிக்கிடம் வண்டியைக் கொண்டுபோங்கள்.